கறுப்புக் கட்டத்தின் சத்தம்

ஜூலை 8, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யார் என்றும் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே, தலையணை உறைக்குள், வைத்துவிடுங்கள். முன்பக்கம் முழுக்கப் போன வருட நிலவியல். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது சட்டென்று புரட்டினால் எரிமலைப் படம்தான் தெரியும்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வெள்ளி ராத்திரி எங்கள் பின்முற்றத்தில் இருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திருகாணிகளை மட்டும் தரையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் எனக்குப் பயம். அவசரமே இல்லாத திருடன். மோட்டார் இருந்தது என் ஜன்னலை ஒட்டி. அவன் திருகிக்கொண்டிருந்த நேரம் நான் அரை அடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கனவு கண்டுகொண்டிருந்தேன். கனவில் யாரோ ஒரு பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அது கடிகாரம் இல்லை என்று காலையில்தான் தெரிந்தது.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். இப்போது அவளுக்கு இரவு வேலை. அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர், எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று எழுதுபவர். படுத்தால் அவ்வளவுதான், தலைமாட்டில் பேருந்தே வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டார். ஆக, இந்த வீட்டில் ராத்திரிக்கு ஆள் நான் ஒருத்திதான்.

ஜூலை 10, வியாழன்

கேமரா வாங்கப் போனோம். அப்பா இரண்டு நாளாக யார் யாரையோ கேட்டு ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தார். கடையில் இருந்த கேமரா அண்ணனிடம் மனப்பாடம் செய்தது போல ஆரம்பித்தார்.

"எத்தனை மெகாபிக்சல் வச்சிருக்கீங்க?"

"பிக்சல் கிடக்கட்டும் சார். வீட்டுல எது போயிடும்னு பயப்படறீங்க, அதைச் சொல்லுங்க."

"மோட்டார்."

"சரி, அது எங்க இருக்கு?"

"போயிடுச்சே."

கேமரா அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். நான் அடக்கவில்லை. அப்பாவும் சிரித்துவிட்டார். மோட்டார் போனதிலிருந்து எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பிறகு நிறைய விஷயம் கற்றுக்கொண்டோம். பேட்டரி கேமரா பாதி நேரம் தூங்குமாம். ஏதாவது அசைந்தால்தான் கண் விழிக்கும், விழிப்பதற்குள் வந்தவன் பாதி வேலையை முடித்திருப்பான். வயர் இழுத்து மாட்டுவது தூங்காது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தூங்காததுதான் வேண்டும். ஆள் வந்தால் பளிச்சென்று விளக்குப் போடும் வகையும் இருக்கிறது. அப்பா வேண்டாம் என்றார், ஒவ்வொரு பூனைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். அதனால் இருட்டிலேயே பார்க்கிற வகை. அதில் நிறம் தெரியாது. பதிவு எல்லாம் உள்ளே ஒரு சின்ன அட்டையில். ஏழு நாள் இருக்கும். எட்டாவது நாள் வந்தால் முதல் நாளை அழித்து அதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

"அது போதும். நமக்கே ஒரு வாரத்துக்கு மேல எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல," என்றார் அப்பா.

ஜூலை 12, சனி

மாட்டியாகிவிட்டது. முன் கேட்டுக்கு ஒன்று, பின்முற்றத்துக்கு ஒன்று. ஒன்பதடி உயரம். அதற்குக் கீழே என்றால் கைக்கு எட்டும், கேமராவையே கழற்றிப் போய்விடுவார்கள். அதற்கு மேலே என்றால் உச்சந்தலை மட்டும்தான் தெரியும், அதை வைத்து எந்தத் திருடனையும் கண்டுபிடிக்க முடியாது என்றார் கேமரா அண்ணன். அப்பாவின் போன், அம்மாவின் போன், எனக்குப் படிக்கக் கொடுத்த பழைய போன், மூன்றிலும் படம் வருகிறது. மூன்றிலும் சேர்த்துவிட்டது நான்தான். அப்பாவுக்கு விரல் வைத்தால் ஏதாவது மறைந்துபோகிறது.

சாயங்காலம் கணக்கு சார் வந்தார். பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புக்குக் கணக்கு அவர்தான், வெள்ளிக்கிழமை டியூஷனும் அவரிடம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். பின்கேமராவில் எங்கள் முற்றம், துணிக்கொடி, அதைத் தாண்டி அவர்கள் வீட்டுப் பின்கதவும் அதன் மூன்று படிகளும் விழுகின்றன. அதை எப்படியோ கவனித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. வீட்டுல பெண்கள் இருக்காங்க. எங்க பக்கம் தெரியாம மறைச்சிட்டா நல்லது."

அப்பா பதறிவிட்டார். "ஐயோ சார், நான் கவனிக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க. பாப்பா, உடனே மறைச்சுடு."

படத்தில் ஒரு பகுதிக்குக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கலாம். விரலால் இழுத்தால் பெரிதாகும். சார் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். சாக்பீஸ் வாசனை. விடுமுறை நாளில்கூட அவரிடம் அந்த வாசனை.

"இன்னும் கீழ இழு. படியும் சேர்த்து."

சாரின் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், நான் மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "நல்லா மறைச்சிடு கண்ணு. என் வீட்டு நைந்துபோன துணியெல்லாம் டிவியில வந்துடப் போகுது," என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கட்டத்தை இழுத்து விட்டேன். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் உலகத்திலிருந்தே காணாமல் போனது.

ஜூலை 13, ஞாயிறு

போர்வைக்குள் போன். போனுக்குள் முற்றம். முற்றத்துக்குள் என் ஜன்னல். ஜன்னலுக்குள் நான்.

ஜூலை 15, செவ்வாய்

இரவில் முற்றம் வேறு இடமாக மாறுகிறது. நிறம் இல்லை. இலைகள் வெள்ளித் தகடு போல இருக்கின்றன. பூச்சிகள் கேமராவுக்குப் பக்கத்தில் பறந்தால் வெள்ளை நூல்களாக இழுபடுகின்றன, யாரோ காற்றைத் தைப்பது போல. கொடியில் மறந்துபோன என் பள்ளிச் சட்டை மெதுவாக மூச்சு விடுகிறது. குளத்தின் அடியில் படுத்துக்கொண்டு எங்கள் வீட்டை அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. பயமும் தண்ணீரில் போட்டது போலக் கொஞ்சம் எடை குறைந்திருக்கிறது.

படத்தின் வலது மூலையில் மட்டும் அந்தக் கறுப்புக் கட்டம். முதல் நாள் அதைப் பிடிக்கவில்லை. இப்போது பழகிவிட்டது, அறையில் ஒரு பூட்டிய பீரோ இருப்பது போல.

அப்பா காலையில் டீ குடித்துக்கொண்டே பதிவுகளைப் பார்த்து அறிக்கை வாசிப்பார். "பன்னிரண்டு பதினேழுக்குச் சாம்பல் பூனை புறப்பாடு. ஒன்று நாற்பதுக்குத் திரும்பி வருகை. இருபத்தி மூணு நிமிஷம் தாமதம், விளக்கம் கேட்கணும்."

"அதுக்காவது நேரத்துக்கு வர்ற வழக்கம் இருக்கு," என்றாள் அம்மா. அவள் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

போர்வைக்குள் இருட்டில் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

கறுப்புக் கட்டத்துக்குள் சத்தம் கேட்கிறது.

படத்தை மறைத்தோமே தவிர யாரும் ஒலியை நிறுத்தவில்லை. நானும் மறந்துவிட்டேன். இன்றைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். முதலில் சுவர்க்கோழி. பிறகு – டொக். டொக். மெல்ல. ஒரு விரலால் மரத்தில் தட்டுவது போல. நிற்கிறது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி டொக். படத்தில் எதுவுமே அசையவில்லை. சட்டை தொங்குகிறது. பூனைகூட இல்லை. அந்தக் கறுப்புச் சதுரம் மட்டும் உள்ளேயிருந்து தட்டுகிறது.

திருடனா? திருடன் கதவைத் தட்டுவானா?

அப்பாவை எழுப்பலாம். எழுப்பினால் நீ ஏன் இன்னும் தூங்கலை என்பார். போன் போய்விடும்.

ஹெட்போனைக் கழற்றினால் சத்தம் இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. மாட்டினால் இருக்கிறது. கனவுக்குள் போய்விட்டு வருவது போல மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

டியூஷன். அக்கா கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது போல. நாங்கள் கிளம்பும்போதுதான் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். சார் தலையைத் திருப்பவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். வகுப்பில் யாராவது தாமதமாக வந்தால் அப்படித்தான் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார். வந்தவர்கள் தாங்களாகவே வெளியே போய் நிற்க வேண்டும். அவர் கூப்பிடும்வரை. சில நாள் மணி அடிக்கும்வரை.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "என்னடி, கண்ணுக்குக் கீழ மை பூசியிருக்கியா? தூங்கறதே இல்லயா?"

"தூங்கறேன் அக்கா."

"பொய் சொன்னா கசப்பு மருந்து தருவேன். எங்க கடையில நிறைய இருக்கு."

ஜூலை 21, திங்கள்

செய்துவிட்டேன்.

இன்றைக்கு மணி பன்னிரண்டிலிருந்து தட்டும் சத்தம். நடுவில் ஒரு குரல். ரொம்பச் சின்னக் குரல். "கதவைத் திறங்களேன். கால் மரத்துப்போச்சு." எனக்குத் தெரிந்த குரல்தான். தெரியாத குரல் என்று பத்து நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறைக்கிறேன் என்று சொல்லி மறைத்த இடம். அடுத்தவர் வீட்டு வாசல். அதைத் திறந்து பார்ப்பது தப்பு. எனக்குத் தெரியும். கறுப்புப் பகுதியை நீக்கவா என்று போன் கேட்டது. விரல் தானாகப் போய்விட்டது.

அக்கா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போகும் பை தோளிலேயே இருந்தது. செருப்பைக் கழற்றிக் கீழ்ப்படியில் ஜோடியாக வைத்திருந்தாள், உள்ளே கூப்பிட்டால் உடனே போகத் தயாராக. முதுகு கதவில் சாய்ந்திருந்தது. திரும்பாமலே கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு விரலால் தட்டினாள். டொக்.

கடை ஒன்பது மணிக்கு மூடுகிறது. அவள் தாமதமாக வந்திருப்பாள். அதற்கு வெளியே நில். அவ்வளவுதான். எங்களைப் போல.

இடுப்பளவுச் சுவர்தானே. தாண்டினால் நாங்கள். ஏன் தாண்டவில்லை? ஏன் எங்கள் கதவைத் தட்டவில்லை?

பிறகு அவள் தலையைத் தூக்கிக் கேமராவை நேராகப் பார்த்தாள். இருட்டில் அவள் கண்கள் இரண்டு சின்ன வெளிச்சங்களாகத் தெரிந்தன. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். படம் எடுக்கும்போது எல்லோரும் செய்வார்களே, அப்படி.

நான் கறுப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன். நான்கு நிமிடம்தான்.

ஜூலை 22, செவ்வாய்

என்ன செய்வேன். என்ன செய்வேன்.

கேமரா அமைப்பில் எதை மாற்றினாலும் மூன்று போனுக்கும் தகவல் போகுமாம். எனக்குத் தெரியாது. அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார். "ஒன்று பன்னிரண்டுக்கு மறைப்புப் பகுதி நீக்கப்பட்டது. ஒன்று பதினாறுக்குச் சேர்க்கப்பட்டது. இது என்ன பாப்பா?"

"தெரியலப்பா. தானா மாறியிருக்கும்."

வாய்க்கு வந்த பொய். அவர் நம்பிவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் அப்பா யார்? ஒரு பேருந்து இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பினால் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிறவர். சட்டையை மாட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். நான் ஜன்னலில் நின்று கேட்டேன்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நேத்து ராத்திரி உங்க பக்க மறைப்பு நாலு நிமிஷம் விலகியிருக்கு. மிஷின் கோளாறு. நாங்க யாரும் பார்க்கல, சத்தியமா. மன்னிச்சுக்கணும்."

சார் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, பரவாயில்ல," என்றார். பிறகு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அப்பா நிமிடம் பிசகாமல் சொன்னார்.

சார் அப்பாவைப் பார்க்கவில்லை. என் ஜன்னலைப் பார்த்தார்.

ஜூலை 23, புதன்

வகுப்பில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நோட்டைத் திருத்திக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சுப் படிக்கற போல. கண்ணு கெட்டுடும்."

எல்லாக் கணக்கும் சரி என்று போட்டுக் கொடுத்தார். ஒரு கணக்கு தப்பு. எனக்கே தெரியும்.

ஜூலை 24, வியாழன்

கறுப்புக் கட்டம் பேசவில்லை. மூன்று நாளாக. நல்லதுதானே? சந்தோஷப்பட வேண்டியதுதானே?

பள்ளிக்கூடம் விட்டு மருந்துக்கடை வழியாக வந்தேன். அக்கா இல்லை. கல்லாவில் இருந்தவர், "உடம்பு சரியில்லன்னு லீவு," என்றார். நேற்றும் வரவில்லையாம்.

அப்பா மன்னிப்புக் கேட்டதற்கும் இதற்கும் நடுவே நான் இருக்கிறேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

வயிற்றுவலி என்று டியூஷனுக்குப் போகவில்லை. நிஜமாகவே வலித்தது.

ஜூலை 26, சனி

அக்கா கடையில் இருந்தாள். குரல் அடைத்திருந்தது, ஜலதோஷம். நான் அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை கேட்டேன். அம்மாவுக்குத் தலைவலி இல்லை.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். "நீதானா பார்த்தது?"

தலையை ஆட்டினேன்.

"மொத்தம் நாலு நிமிஷமா?"

"ஆமாக்கா. சத்தம் அதுக்கு முன்னாடியே கேட்டேன். வேற நாள்லயும்."

கத்தரி நின்றுவிட்டது. சத்தம் கேட்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"அக்கா, எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே. சின்னச் சுவர்தானே."

"சுவர் சின்னதுதான் கண்ணு." மாத்திரையை உறையில் போட்டு மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "தாண்டிட்டா அப்புறம் திரும்பி அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? ஊருக்கே தெரிஞ்சுடும். நாலு பேர் வருவாங்க, நியாயம் பேசுவாங்க, போயிடுவாங்க. நான்தான் உள்ள இருக்கணும்."

"உள்ள எங்கக்கா இருக்கீங்க. வெளியதானே இருக்கீங்க."

நான் ஏன் அப்படிச் சொன்னேன். அவள் மாத்திரை உறையை என் கையில் வைத்தாள். பிறகு பழையபடி சிரித்தாள். "வாய் நீளம்டி உனக்கு. இதை யார்கிட்டயும் சொல்லாத. அவர் கையிலதான் உன் மார்க்கு இருக்கு. என்னால உன் படிப்பு கெட வேண்டாம்."

மாத்திரை இப்போது என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கனவு. எங்கள் வகுப்பறை முற்றத்தில் இருக்கிறது. எல்லாம் வெள்ளி நிறம். கரும்பலகையை யாரோ சுவரிலிருந்து இறக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அதன் பின்னாலிருந்து ஒரு விரல் தட்டுகிறது. நாங்கள் எல்லோரும் வாய்ப்பாடு சொல்கிறோம், சத்தமாக, இன்னும் சத்தமாக, தட்டுவது கேட்காமல் இருக்க. நானும்தான் சொல்கிறேன். நல்ல குரலில்.

விழித்ததும் விரல்விட்டு எண்ணினேன். திங்கள் ராத்திரியில் ஆரம்பித்து ஏழு நாள். நாளை ராத்திரி அந்த நான்கு நிமிடத்தின் மேல் வேறு ராத்திரி எழுதப்படும். பூனையோ, காற்றோ. அதற்குப் பிறகு அது நடந்ததாக நானும் அக்காவும்தான் சொல்ல வேண்டும், அக்கா சொல்ல மாட்டாள்.

சொல்லாதே என்றாள். சொன்னால் அவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால்?

பதினேழாம் தேதி நான் கேட்டது முதல் தடவையாக இருக்குமா? கேமராவே பன்னிரண்டாம் தேதிதான் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை வருடம்?

ஜூலை 28, திங்கள்

இந்த வாரம் அம்மாவுக்குப் பகல் வேலை. இரவு சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நாள் முழுக்க யோசித்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. ஈரக் கையிலேயே போனைக் கொடுத்தேன். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் தெரியுமா. துடைத்த தட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அம்மா முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. காய்ச்சல் பார்க்கும்போது வைத்திருக்கும் முகம். முடிந்ததும் ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்த்தாள்.

"இதை வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியா?"

"இல்லம்மா."

"வை."

திட்டவில்லை. ஏன் பார்த்தாய் என்று கேட்கவில்லை. நான்தான் அழுதுவிட்டேன், பொய் சொன்னது, அப்பா போய்ச் சொன்னது, சார் ஜன்னலைப் பார்த்தது, அக்கா சொல்லாதே என்றது, எல்லாம் கலந்து. அம்மா என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் சேலையில் மருந்து நெடி.

"பதினோரு வருஷமாப் பக்கத்துல இருக்கேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஒரு முறைதான் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"நானே போய் நேரத்தைச் சொன்னேனே," என்றார். "நிமிஷத்தோட சொன்னேன்."

ஜூலை 29, செவ்வாய்

அப்பா சாருக்குப் போன் செய்தார். "பாப்பா இனிமே டியூஷனுக்கு வர மாட்டா." அந்தப் பக்கம் சார் ஏதோ கேட்டார். "காரணம் உங்களுக்குத் தெரியும் சார்." வைத்துவிட்டார்.

அப்பா மன்னிப்புக் கேட்காமல் வைத்த போனை நான் இதுவரை பார்த்ததில்லை. வைத்த பிறகு அவர் காது சிவந்திருந்தது.

ஜூலை 30, புதன்

அம்மா வேலை முடிந்து நேராக மருந்துக்கடைக்குப் போனாள். என்னையும் கூட வரச் சொன்னாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அந்தப் பார்வையை எழுத முடியாது.

"பொண்ணை வையாத," என்றாள் அம்மா. "அவ சொல்லலன்னா நான் இன்னும் காது கேட்காதவளாவே இருந்திருப்பேன்."

"சிஸ்டர், இதெல்லாம் எல்லா வீட்டுலயும்..."

"எல்லா வீட்டைப் பத்தியும் நான் பேச வரல. எங்க பின்கதவுக்கு இன்னிலேருந்து தாழ் போட மாட்டோம். எந்த நேரமானாலும் சரி. எதுக்கு வந்தேன்னு கேட்க மாட்டோம். காலையில போகணும்னா போ. போக வேண்டாம்னா இரு. நீ தாண்டி வர்றது உன் இஷ்டம். நாங்க இழுக்க மாட்டோம்."

அக்கா பில் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தாழ் போடலன்னா மோட்டார் போயிடும் சிஸ்டர்," என்றாள் கடைசியில்.

"புது மோட்டாரை உள்ளயே வச்சாச்சு. போக வேற எதுவும் இல்ல."

வரும் வழியில் அம்மா தலைமை ஆசிரியையைப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். என் வகுப்பை மாற்றச் சொல்லி. சாருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

அந்த மறைப்பை எடுத்துவிடவா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். "அது அவ வாசல். அவ கேட்டா எடுக்கலாம். காதை மட்டும் மூடாத."

அப்பா பின்பக்க விளக்கின் சுவிட்சைத் துடைத்துச் சரிபார்த்தார். மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தார். திருட்டுக்குப் பயந்து இரண்டு கேமரா வாங்கிய வீட்டில் இப்போது கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. ஆச்சரியம், நான் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஒன்றும் இல்லை. பூனை மட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தட்டும் சத்தம் கேட்டது. கட்டத்துக்குள். அவர்கள் கதவில். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஒரு காதில் அவள், ஒரு காதில் நான். ஒன்றரை மணிக்கு அந்தக் கதவு திறந்தது. அம்மா விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. "அவசரப்படக் கூடாது," என்றாள், யாருக்கோ.

நாளையிலிருந்து எனக்குப் பக்கத்து வகுப்பு. கணக்குக்கு வேறு ஆசிரியை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. கேமராவில் மழை வெள்ளை ஊசிகளாக விழுகிறது. முற்றம் முழுக்க யாரோ விளக்கை உடைத்துக் கொட்டியது போல மின்னுகிறது. சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உற்றுப் பார்த்தால் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகிறது போலத் தோன்றுகிறது. அது என் கண்தான்.

மணி பதினொன்று ஐம்பது. அக்கா இன்றைக்கு நேரமாகித்தான் வந்தாள். முன் கேட் கேமராவில் அவள் குடை பத்து மணிக்குத் தெருவில் போனதைப் பார்த்தேன். குடையையாவது சார் உள்ளே வாங்கி வைத்திருப்பாரா, அதுவும் வெளியேதானா?

அப்பா தூங்கவில்லை. கூடத்தில் நடக்கிறார். பேருந்து வராத இரவுகளில் பணிமனையில் இப்படித்தான் நடப்பாராம்.

கட்டத்தின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கறுப்பின் விளிம்பிலிருந்து ஒரு கை வந்து சுவரின் மேல் படிகிறது. ஒரு செருப்பு ஜோடி, சுவரின் மேல், மழையில். யாரோ முதலில் செருப்பை வைத்துவிட்டுப் பிறகு

படத்துக்குள் வந்துவிட்டாள். துணிக்கொடியைக் குனிந்து கடந்து, பின்விளக்கின் கீழே நின்று, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, தாழ் போடாத கதவு என்று தெரிந்தும் தள்ளாமல் நிற்கிறாள். அப்பாவின் நடை நின்றுவிட்டது. அம்மா எழுந்திருக்கிறாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். வேண்டியதில்லை. எங்கள் கதவில்தான், ஒரு விரலால்,